ஐந்து துணி மாதிரிகள், ஒரே செல்லுலோஸ்: எதை எடுப்பது?

மேசையில் ஐந்து துணி மாதிரிகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விஸ்கோஸ், ஒன்று லையோசெல், ஒன்றில் வெறுமனே 'மூங்கில்' என்று எழுதியிருக்கிறது, இன்னொன்று பழைய பருத்தி உடைகளைக் கரைத்துச் செய்தது, கடைசி ஒன்று சந்தைக்கே இன்னும் முழுதாக வராத புது இழை. ஐந்து அட்டையிலும் பச்சை இலைப் படம் உண்டு, 'இயற்கை' என்ற சொல்லும் உண்டு. பாலியஸ்டரைக் குறைத்துக்கொண்டு மர இழைக்குப் போகலாம் என்று முடிவெடுத்த எந்தத் துணி நிறுவனமும், சின்னதோ பெரியதோ, கடைசியில் இந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். துணி தேர்ந்தெடுக்கும் வேலையில் நானும் பல முறை உட்கார்ந்திருக்கிறேன், தப்பாகவும் தேர்ந்திருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை இவற்றை எப்படி எடைபோடுவது என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்தையும் ஒரு வேதியியல்காரரிடம் கொடுத்தால் ஐந்தும் ஒன்றுதான் என்பார். குளுக்கோஸ் அலகுகள் நீளமாகக் கோத்த சங்கிலி, அதாவது செல்லுலோஸ். உள்ளே போவதும் செல்லுலோஸ், வெளியே வருவதும் செல்லுலோஸ். நடுவில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. பாலியஸ்டரைச் சூடாக்கினால் உருகும், நுண்துளைத் தட்டு வழியாகப் பிழிந்து ஆறவிட்டால் நூல் தயார். செல்லுலோஸ் உருகவே உருகாது, அதற்குள் கருகிவிடும். சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று அப்படி இறுகப் பிடித்திருப்பதால் தண்ணீருக்கும் மசியாது, சாதாரணக் கரைப்பான்களுக்கும் மசியாது. ஆகவே மரக்கூழை இழையாக்க வேண்டுமென்றால் அதை எப்படியாவது தற்காலிகமாகக் கரைத்து, துளை வழியே தள்ளி, மறுபடியும் செல்லுலோஸாகவே உறைய வைக்க வேண்டும். எதை வைத்துக் கரைத்தார்கள், கரைத்த பொருள் அப்புறம் எங்கே போனது, இந்த இரண்டையும் கேட்டாலே சுற்றுச்சூழல் கணக்கில் பாதி தெரிந்துவிடும். மரம் எங்கிருந்து வந்தது, ஆலை எதை எரித்து ஓடுகிறது என்பது மீதிப் பாதி.

அளவும் தெரிந்திருக்கட்டும். உலகில் 2023-ல் உற்பத்தியான எல்லா இழைகளும் சேர்ந்து சுமார் 12.4 கோடி டன். அதில் பாதிக்கு மேல் பாலியஸ்டர், ஐந்தில் ஒரு பங்கு பருத்தி. நாம் பேசும் மனிதர் செய்த செல்லுலோஸ் இழைகள் எல்லாம் சேர்த்தும் 6 சதவீதம்தான். அந்த 6 சதவீதத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு விஸ்கோஸ். அதனால் 'விஸ்கோஸ் மோசம், புதியவை நல்லவை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போக முடியாது, நடைமுறையில் கையில் கிடைப்பதே பெரும்பாலும் அதுதான்.

சரி, விஸ்கோஸிலிருந்தே தொடங்குகிறேன். 1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை எடுத்த முறை, இன்றைக்கும் அடிப்படையில் அதேதான். மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, பிழிந்து, துருவி, கொஞ்ச நேரம் முதிரவிடுகிறார்கள், சங்கிலிகள் சற்றுக் குட்டையாகட்டும் என்று. பிறகு கார்பன் டைசல்பைடு சேர்க்கிறார்கள். செல்லுலோஸ் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போகும் இந்த வேதிப்பொருள்தான் மொத்தக் கதையின் வில்லன். அது சேர்ந்ததும் செல்லுலோஸ் சாந்தேட்டாக மாறி, நீர்த்த காரத்தில் தேன்போல் கரைகிறது. அந்தக் குழம்பைக் கந்தக அமிலமும் சோடியம் சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் கலந்த தொட்டிக்குள் பிழிந்தால் சாந்தேட் சிதைந்து செல்லுலோஸ் திரும்ப உறைகிறது. கார்பன் டைசல்பைடு வேலை முடிந்து ஆவியாக வெளியே வருகிறது, கூடவே அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடும். ஒரு கிலோ இழைக்கு அரைக் கிலோவுக்கு மேல் சோடியம் சல்பேட் உபபொருளாக மிஞ்சுகிறது.

கார்பன் டைசல்பைடு நரம்புகளையும் மூளையையும் இதயத்தையும் தாக்கும். இது விஸ்கோஸ் பிறப்பதற்கு முன்னாலேயே தெரிந்த விஷயம் என்பதுதான் கொடுமை. ரப்பர் பதப்படுத்தும் பட்டறைகளில் இதே பொருளோடு வேலை செய்தவர்களுக்குப் புத்தி பேதலிப்பதை 1856-லேயே பாரிஸில் டெல்பெஷ் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். நூறு வருடம் கழித்தும் பாடம் படித்த மாதிரித் தெரியவில்லை. தென் கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலை (ரேயான் என்பது விஸ்கோஸுக்கு இன்னொரு பெயர்), 1960களில் ஜப்பானிலிருந்து பழைய இயந்திரங்களை வாங்கித் தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் கார்பன் டைசல்பைடு நஞ்சால் பாதிக்கப்பட்டது உறுதியானது, பெரும் போராட்டத்துக்குப் பின் 1993-ல் ஆலை மூடப்பட்டது. மூடியபின் அந்த இயந்திரங்கள் எங்கே போயின தெரியுமா? பிரித்து எடுக்கப்பட்டு சீனாவுக்கு. இழையின் பெயர் மாறவில்லை, தரம் மாறவில்லை, துணியைத் தொட்டுப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இதைப் படித்துவிட்டு விஸ்கோஸை அப்படியே ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இதே முறையை மூடிய வளையமாக ஓட்டும் ஆலைகள் இருக்கின்றன. நூற்பு இயந்திரத்தைக் கூண்டுக்குள் அடைத்து, வெளிவரும் வாயுவைக் குளிரவைத்தும் கரியில் உறிஞ்சவைத்தும் கார்பன் டைசல்பைடைத் திரும்ப எடுக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடையும் மீதி வாயுவையும் எரித்துக் கந்தக அமிலமாக்கி மறுபடி அதே தொட்டிக்கே கொண்டுவரலாம். தொழில்நுட்பம் புதிதல்ல, செலவு பிடிக்கும், அவ்வளவுதான். செலவு செய்த ஆலையும் செய்யாத ஆலையும் ஒரே பெயரில் ஒரே விதமான துணி விற்கின்றன.

2010-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரியாவின் இழை நிறுவனமான லென்சிங்கின் ஆலைகள் தந்த தரவை வைத்து ஓர் ஒப்பீடு வெளியிட்டார்கள், இந்தத் துறையில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற ஒன்று. அதில் ஆஸ்திரியாவில் செய்த விஸ்கோஸும் ஆசியாவில் செய்த விஸ்கோஸும் தனித்தனி வரிசைகளாக இருக்கும். ஆஸ்திரிய ஆலையில் கூழும் இழையும் ஒரே வளாகத்தில், கூழ் காய்ச்சும்போது மிஞ்சும் லிக்னின் (மரத்தின் நார்களை ஒட்டிப் பிடிக்கும் பொருள்) கழிவை எரித்தே பெரும்பகுதி ஆற்றல், அதுபோக அசிட்டிக் அமிலம், ஃபர்ஃபுரல் என்று உபபொருள்கள் வேறு. ஆசிய ஆலையில் கூழ் வெளியிலிருந்து வாங்கியது, ஆற்றல் பெரும்பாலும் புதைபடிவ எரிபொருள். முடிவு மலைக்கும் மடுவுக்கும். இன்னும் ஆச்சரியம், அன்றைய நிலையில் அந்த ஆஸ்திரிய விஸ்கோஸ் கரிம உமிழ்வுக் கணக்கில் அதே நிறுவனத்தின் லையோசெலையே பின்னுக்குத் தள்ளியிருந்தது. நவீனமான, சுத்தமான முறை என்று நாம் எல்லோரும் சொல்லும் லையோசெலை! அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: இழையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஆலையின் பெயரைக் கேட்பேன்.

அடுத்தது லையோசெல். இதில் செல்லுலோஸை வேறு பொருளாக மாற்றுவதில்லை. என்எம்எம்ஓ என்று சுருக்கமாகச் சொல்லும் ஓர் அமீன் ஆக்சைடு கரைப்பானில் சூடாக நேரடியாகக் கரைத்துவிடுகிறார்கள். கரைசலை ஒரு சின்னக் காற்று இடைவெளியில் இழுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினால் கரைப்பான் தண்ணீரோடு போய்விடும், செல்லுலோஸ் இழையாக நிற்கும். கார்பன் டைசல்பைடு கிடையாது, அமிலத் தொட்டி கிடையாது, துத்தநாகம் கிடையாது. கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்ப எடுக்கிறார்கள். இதை ஏதோ தர்ம சிந்தனை என்று நினைத்துவிட வேண்டாம், அந்தக் கரைப்பான் விலை அதிகம், திரும்ப எடுக்காவிட்டால் ஆலை ஒரு மாதம்கூட ஓடாது. எனக்கு இதனால்தான் லையோசெல் மேல் நம்பிக்கை. விஸ்கோஸ் ஆலையில் ராத்திரி யாரும் பார்க்காதபோது மீட்பு இயந்திரத்தை நிறுத்தினால் ஆலைக்குச் செலவு மிச்சம். லையோசெல் ஆலையில் நிறுத்தினால் நஷ்டம். ஒழுங்காக இருப்பதிலேயே லாபம் இருக்கிற மாதிரி அமைந்த முறைக்குக் காவலாளி அதிகம் தேவைப்படாது.

கோர்டால்ட்ஸ் நிறுவனம் 1992-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இதன் முதல் வணிக ஆலையை ஓட்டியது, லையோசெலின் வணிகப் பெயரான டென்செல் அங்கிருந்து வந்ததுதான். 2004-ல் அதை லென்சிங் வாங்கிக்கொண்டது. 2022-ல் தாய்லாந்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் ஆலை ஒன்றைத் திறந்தார்கள். அதாவது இது இனி ஆய்வக இழை இல்லை, கேட்டால் கிடைக்கும். உறுதியும் நன்றாக இருக்கும். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும், அதனால்தான் துவைக்கத் துவைக்க நெகிழ்ந்து உருக்குலைகிறது. லையோசெல் நனைந்தாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு உடை இரண்டு மடங்கு காலம் உழைத்தால் அதுவே பெரிய சுற்றுச்சூழல் சேமிப்பு, இதை எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

குறையும் உண்டு, அதில் ஒன்றில் நான் அடிபட்டிருக்கிறேன். லையோசெல் இழை நெடுக்கில் மிக ஒழுங்காக அடுக்கப்பட்டது, குறுக்கில் பிடிமானம் குறைவு. ஈரத்தில் உரசினால் இழையின் மேல்தோல் மெல்லிய நார்களாக உரியும். அடர்நீலப் பின்னல் துணி ஒன்றை ஆசையாக எடுத்து, மாதிரியை ஒரே ஒரு முறை துவைத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லிவிட்டேன். எட்டாவது துவைப்பில் மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெண்மை ஏறியது. சாயம் போகவில்லை, உரிந்த நார்கள் வெளிச்சத்தைச் சிதறடித்ததுதான். குறுக்குப் பிணைப்பு கொடுத்த, உரியாத வகை லையோசெல் தனியாக உண்டு என்பதும், துணியைச் சாயமிடும்போது நொதி கொடுத்து அந்த நார்களை முன்கூட்டியே தின்னவைக்க வேண்டும் என்பதும் எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. துணி தந்தவர் அதைச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. இருபது துவைப்பு சோதனை செய்யாமல் அடர் நிறத்தில் லையோசெல் எடுக்காதீர்கள்.

இன்னொரு குறை ஆலைக்காரர் பக்கம். என்எம்எம்ஓ சூட்டில் கொஞ்சம் முன்கோபி. இரும்பு, செம்பு அயனிகள் கலந்துவிட்டால் சிதைவு கட்டுமீறி வெடிக்கும் அளவுக்குப் போகலாம், அதனால் நிலைப்படுத்திகள் சேர்த்து மிகச் சுத்தமான கூழை மட்டுமே ஊற்றுகிறார்கள். நீரில் கலந்த கரைப்பானைத் திரும்ப எடுக்க ஏகப்பட்ட தண்ணீரை ஆவியாக்க வேண்டும், அதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இங்கேயும் நிற்கிறது. விலை விஸ்கோஸைவிடக் கூடுதல்.

மற்ற பழைய இழைகளை வேகமாகத் தாண்டிவிடலாம். மோடல் என்பது விஸ்கோஸ் முறையின் மேம்பட்ட தம்பி, நனைந்தால் அவ்வளவு தளராது, தோலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கார்பன் டைசல்பைடு அங்கேயும் உண்டு. குப்ரோ பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறுநாரைச் செம்பு அம்மோனியாக் கரைசலில் கரைத்துச் செய்வது, பட்டு மாதிரி விழும், செம்பு கழிவுநீரில் போகாமல் பிடிக்க வேண்டும், உலகிலேயே பெரிய அளவில் செய்வது ஜப்பானின் அசாஹி கசெய்தான். அசிட்டேட் செல்லுலோஸே இல்லை, செல்லுலோஸ் அசிட்டேட் என்ற வேறு பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் விதிகளின் விளக்கக் குறிப்பில் விஸ்கோஸும் லையோசெலும் பிளாஸ்டிக் அல்ல, செல்லுலோஸ் அசிட்டேட் பிளாஸ்டிக் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த 'மூங்கில்' மாதிரி. மூங்கிலைத் தட்டி நாரெடுத்து நூற்ற துணி உலகில் மிக அபூர்வம், சொரசொரப்பாக வேறு இருக்கும். கடைக்கு வரும் மெத்தென்ற மூங்கில் துணி ஏறத்தாழ எல்லாமே மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ். அமெரிக்க வணிக ஆணையம் இப்படி ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக 2022-ல் வால்மார்ட், கோல்ஸ் இரண்டின் மீதும் நடவடிக்கை எடுத்து மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் பெற்றது. மூங்கில் வேகமாக வளரும் என்பது உண்மைதான். அது எதில் கரைக்கப்பட்டது என்பதற்கு அது பதில் ஆகாது. என் மேசையிலிருந்து முதலில் விழும் மாதிரி இதுதான், இழை மோசம் என்பதால் இல்லை, அட்டையிலேயே பாதி உண்மையை மறைப்பவர் மீதியை எப்படிச் சொல்வார் என்பதால்.

இப்போது எல்லோருக்கும் பிடித்த பழந்துணி இழை. யோசனை அழகு. மரத்தை வெட்டுவானேன், தேய்ந்த பருத்தி உடைகளே சுத்தமான செல்லுலோஸ்தானே. ஒரு டன் கரைகூழ், அதாவது கரைத்து இழையாக்கத் தகுந்த சுத்தமான கூழ், எடுக்க இரண்டரை டன் அளவுக்கு உலர்மரம் வேண்டும், ஏனென்றால் மரத்தில் செல்லுலோஸ் நாற்பது சொச்சம் சதவீதம்தான், பருத்தியில் தொண்ணூறுக்கு மேல். பழந்துணியிலேயே பருத்தி நாரை இயந்திரத்தால் கிழித்தெடுத்தால் நார் குட்டையாகிவிடும், துணி சீக்கிரம் தேயும். வேதியியல் முறையில் கரைத்தால் புது இழை நீளமாகவே வரும். இதில் கூழின் சங்கிலி நீளம்தான் சூட்சுமம். பருத்திச் சங்கிலி மிக நீளம், துவைத்துத் துவைத்து அது குறைகிறது, விஸ்கோஸுக்குத் தேவையானது அதைவிடவும் குட்டை. நூறு விதமாகத் தேய்ந்த உடைகளைச் சேர்த்துக் கரைத்தால் நூறு விதமான நீளம் வரும், அதை ஒரே சீராகக் கொண்டுவருவதுதான் ஆலையின் உண்மையான வேலை. அதுபோக பாலியஸ்டர் கலப்பு, நீட்சிக்கான எலாஸ்டேன், சாயம், ஜிப், பொத்தான். பாலியஸ்டரைக் காரத்தில் சிதைத்துப் பிரித்துவிடலாம், எலாஸ்டேன் கொஞ்சம் இருந்தாலே தொல்லை.

ஸ்வீடனின் ரீனியூசெல் இதில் முன்னோடி. சுண்ட்ஸ்வாலில் ஆண்டுக்கு 60,000 டன் ஆலையை 2022-ல் ஓட்டத் தொடங்கினார்கள், பெரிய பெரிய உடை நிறுவனங்கள் ஆதரவு, பத்திரிகைகளில் படம், எல்லாம் இருந்தது. 2024 பிப்ரவரியில் திவால். பின்னர் ஆல்டோர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, கூழின் பெயரான சர்க்குலோஸ் என்பதையே நிறுவனப் பெயராக்கியது. கூழ் மோசமில்லை. ஆனால் கூழ் துணியாக இழை ஆலை, நூற்பாலை, நெசவு, சாயம், உடை நிறுவனம் என்று ஐந்து கை மாற வேண்டும், கடைசிக் கையில் இருப்பவர் மேடையில் ஆதரவு சொன்னாரே தவிர கொஞ்சம் கூடுதல் விலைக்கு எழுத்தில் ஆர்டர் தரவில்லை என்றால் முதல் கையில் இருப்பவர் மூச்சுத் திணறித்தான் போவார். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான், நானும் 'பார்க்கலாம்' என்று சொன்ன ஆள்தான்.

தேர்ந்தெடுப்பவர் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்படிப் பழந்துணியிலிருந்து வருவது பெரும்பாலும் இழை இல்லை, கூழ். அந்தக் கூழை மறுபடி யாராவது விஸ்கோஸாகவோ லையோசெலாகவோ பிழிய வேண்டும். மூடிய வளையம் இல்லாத விஸ்கோஸ் ஆலைக்கு மறுசுழற்சிக் கூழ் போனால், மரம் மிச்சம், தொழிலாளியின் நரம்பு மிச்சமில்லை. 'மறுசுழற்சி' என்ற சொல் மூலப்பொருள் பற்றிய கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. விதிவிலக்கு பின்லாந்தின் இன்ஃபினிட்டட் ஃபைபர் எடுக்கும் வழி: பருத்திக் கழிவை யூரியாவோடு சேர்த்துச் செல்லுலோஸ் கார்பமேட் ஆக்குகிறார்கள், அது காரத்தில் கரையும், கார்பன் டைசல்பைடு தேவையே இல்லை. இருக்கிற விஸ்கோஸ் இயந்திரங்களில் சில மாற்றங்களோடு ஓட்டலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி, ஏனென்றால் உலகெங்கும் இருக்கும் விஸ்கோஸ் ஆலைகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரும் வரப்போவதில்லை. கார்பமேட் வேதியியல் 1930களிலேயே தெரிந்த சரக்கு, தொழிலாக எழுந்து நிற்கத்தான் இவ்வளவு காலம்.

கடைசி மாதிரிக்கு வருவோம், ஆய்வகத்தின் வாசனை போகாத இழைகள். இதில் எனக்கு மிகப் பிடித்தது அயான்செல். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சிக்ஸ்டாவின் குழு, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. கரைப்பான் ஓர் அயனித் திரவம், அதாவது உப்புதான், ஆனால் நூறு பாகைக்குக் கீழேயே திரவமாக இருக்கும் உப்பு. ஆவியாகிக் காற்றில் கலப்பது மிகக் குறைவு, என்எம்எம்ஓ மாதிரி முன்கோபமும் இல்லை, லையோசெலைவிடக் குறைந்த சூட்டில் நூற்கலாம். இழையின் உறுதி லையோசெலுக்குச் சமம் அல்லது மேல், விஸ்கோஸைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பருத்திக் கந்தல் என்று கூழ் தரம் குறைந்தவற்றையும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. 2018-ல் பின்லாந்தின் சுதந்திர தின விருந்துக்கு அன்றைய அதிபரின் மனைவி யென்னி ஹௌகியோ பிர்ச் மரத்தில் செய்த அயான்செல் உடையில் வந்தார், இதற்கு மேல் விளம்பரம் வேண்டாம். சிக்கல் ஒன்றே ஒன்று. கரைப்பான் விலையுயர்ந்தது, அதை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலே, சிதையவிடாமல், வருடக்கணக்கில் திரும்ப எடுக்க முடிந்தால்தான் வணிகம். நூறு முறை சுற்றிய கரைப்பானில் என்ன அழுக்கு சேர்ந்திருக்கும் என்பதை ஆய்வகத்துப் பீக்கர் காட்டாது.

இன்னொரு பாதை குளிர்ந்த காஸ்டிக் சோடாவிலேயே கரைப்பது. கடும் குளிரில் சோடா செல்லுலோஸைக் கரைக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். மரக்கூழ் நிறுவனமான ஸ்டோரா என்சோ, எச் அண்ட் எம், ஐக்கியா ஆகியவை சேர்ந்த ட்ரீடுடெக்ஸ்டைல் ஸ்வீடனின் நைமெல்லாவில் ஒரு கூழ் ஆலையை ஒட்டியே சோதனை ஆலை அமைத்தது. மலிவான, எல்லோருக்கும் பழக்கமான வேதிப்பொருள், கூழ் ஆலைக்கே திருப்பி அனுப்பலாம், இதில் நான் நிறைய எதிர்பார்க்கிறேன். பின்லாந்தின் ஸ்பின்னோவா நிறுவனம் கரைப்பதையே விட்டுவிட்டது. கூழை நுண்நார்களாக அரைத்து, தண்ணீரில் ஓடவிட்டு ஒரே திசையில் அடுக்கி, உலர்த்தி இழையாக்குகிறது, 2023-ல் யுவாஸ்கிலாவில் ஆலையும் திறந்தார்கள். கேட்க மிக எளிமை. ஆனால் கரைத்து மறுபடி கட்டிய இழைக்கு இருக்கும் உறுதி இதற்கு வராது, பருத்தியோடு கலந்துதான் பெரும்பாலும் பார்க்கிறோம்.

துணியல்லாத புதுப் பொருள்களுக்கு வந்தால் வரிசையே மாறிவிடுகிறது. ஈரத் துடைப்பான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை துடைத்து எறிவதற்கு உறுதி எதற்கு, மக்க வேண்டும், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், கடல் நீரில் விட்ட செல்லுலோஸ் துணிகள் ஒரு மாதத்துக்குள் சிதைந்தன. மக்கும் என்று விற்கப்படும் பாலிலாக்டிக் அமில இழை 400 நாளுக்கு மேலும் அப்படியே இருந்தது. செல்லுலோஸையும் பிளாஸ்டிக்கையும் கலந்த துணிகளில் செல்லுலோஸ் பகுதி மட்டும் போயிற்று. ஆகவே துடைப்பானுக்கு நூறு சதவீதம் செல்லுலோஸ் என்பதுதான் முக்கியம். ஆலை சுத்தமாக இருந்தால் சாதாரண விஸ்கோஸே போதும், லையோசெலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கலப்புப் பொருள்கள் நேர் எதிர். பிசினுக்குள் வலுவூட்ட இழை வேண்டுமென்றால் விறைப்பும் சீரான குறுக்குவெட்டும் வேண்டும். சணல், ஆளி போன்ற தண்டு நார்கள் விறைப்பில் ஜெயிக்கும், மலிவு, கரைக்கவே வேண்டாம், ஆனால் ஒரு நாருக்கும் அடுத்த நாருக்கும் ஒற்றுமை கிடையாது. லையோசெல் வகை இழை விறைப்பில் சற்றுக் குறைந்தாலும் மீட்டருக்கு மீட்டர் ஒரே மாதிரி இருக்கும், அடி வாங்கினால் உடையாமல் தாங்கும். இரண்டுக்கும் பொது எதிரி ஈரம். உயர்வேக டயர்களுக்குள் வலுவூட்டும் கயிறாக ரேயான் இன்றும் இருக்கிறது, சூட்டில் உருகாது என்ற அதே குணத்துக்காக. ரேயானைக் கரியாக்கிச் செய்த கார்பன் இழை ராக்கெட் முனைகளில் வெப்பக் கவசமாக உழைத்திருக்கிறது. பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸை 1980களின் கடைசியில் சோனி தன் உயர்விலை ஹெட்ஃபோனில் அதிர்வுத் தகடாக வைத்தது, அது லிக்னின் கலப்பே இல்லாத சுத்த செல்லுலோஸ், ஆனால் பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும். காயக் கட்டுக்கு அருமை, சட்டைக்கு வேண்டாம்.

சரி, முடிவு. அடுத்த ஆறு மாதத்தில் உடையாகத் தைத்தாக வேண்டும், அடிக்கடி துவைக்கும் உடை என்றால் நான் லையோசெல் எடுப்பேன், உரியாத வகை, கூழ் எங்கிருந்து வந்தது என்று ஆலை பெயர் சொல்லி எழுதித் தர வேண்டும். பழமையான, அழிந்துவரும் காடுகளின் மரம் கூழில் கலக்கிறதா என்பதைக் கனடாவின் கேனப்பி அமைப்பு இழை உற்பத்தி நிறுவனவாரியாக மதிப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிடுகிறது, அதை முதலில் பார்த்துவிடுவேன். விலை இடிக்கிறது என்றால் லையோசெலைப் பருத்தியோடு கலப்பதைவிட, வாயு மீட்பு உள்ள ஒரு நல்ல ஆலையின் விஸ்கோஸுக்கு இறங்குவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. பழந்துணிக் கூழ் கலந்த இழை கிடைத்தால், பிழிந்தது லையோசெல் ஆலையிலா என்று கேட்டுவிட்டு, ஒரு சின்ன வரிசையையாவது அதில் தைத்து, ஒரு வருடத்துக்கு அளவு குறிப்பிட்டு எழுத்தில் ஆர்டர் கொடுப்பேன். அவர்களுக்குத் தேவை பாராட்டு இல்லை, அந்தக் காகிதம். அயான்செல், குளிர் சோடா இரண்டையும் வாங்கும் பட்டியலில் சேர்க்க மாட்டேன், சோதனைத் துணிக்குப் பெயர் கொடுத்து வைப்பேன். எதை எடுத்தாலும் எலாஸ்டேனைத் தவிர்க்க முடியுமா என்று வடிவமைப்பாளரோடு ஒரு முறை சண்டை போட்டுப் பார்ப்பேன், அந்த இரண்டு சதவீத நீட்சிக்காக உடை மொத்தமும் நாளைக்கு மறுசுழற்சியில் நுழைய முடியாமல் போவதால்.

விஸ்கோஸ் தருகிற ஆலைக்கு நான் அனுப்பும் கடிதம் ரொம்பச் சின்னது. ஒரு டன் இழைக்கு எத்தனை கிலோ கார்பன் டைசல்பைடு வாங்குகிறீர்கள்? உள்ளே போவதில் எத்தனை சதவீதம் திரும்ப எடுக்கிறீர்கள்? கொதிகலனில் என்ன எரிகிறது? ஒழுங்காக நடக்கும் ஆலைக்கு இது விரல் நுனியில் இருக்கும், இரண்டே நாளில் எண்களோடு பதில் வரும். சிலர் பச்சை இலை போட்ட கையேட்டை அனுப்புவார்கள். அவர்களுக்கு அதே மூன்று கேள்வியை இன்னொரு தரம் அனுப்புவேன், அதற்கும் கையேடே வந்தால் அவர்களுடைய மாதிரியை மேசையிலிருந்து எடுத்து மூங்கில் மாதிரியோடு வைத்துவிடுவேன்.